டேட்டாபேஸ் மெதுவாகிவிட்டது, டிஸ்க்கை மாற்றலாமா?

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தவரை இது: அமேசான் கிளவுடில் 16 கிகாபைட் மெமரி உள்ள ஒரு சர்வர், 100 கிகாபைட் ஜிபி2 வகை டிஸ்க், அதில் மைஎஸ்க்யூஎல் 8.4 என்ற டேட்டாபேஸ் மென்பொருள், நாளுக்குச் சில ஆயிரம் ஆர்டரும் பில்லும் போடும் ஒரு செயலி. காலையில் நன்றாக ஓடுகிறது. பதினொரு மணிவாக்கில் இழுக்க ஆரம்பிக்கிறது. மறுநாள் காலை தானாகவே சரியாகிவிடுகிறது. சர்வரைப் பராமரிப்பவர் "டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, பெரிய சர்வர் வாங்குங்கள்" என்கிறார். நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு லாக் ஃப்ளஷ் செட்டிங்கை (சேமிக்கும் பதிவை உடனுக்குடன் டிஸ்க்கில் இறக்குவதா என்று தீர்மானிப்பது) 1-இலிருந்து 2 ஆக்கியிருக்கிறீர்கள், கொஞ்சம் வேகம் கூடியது. டிஸ்க்கை நம்பலாமா, இதை இப்படியே விடலாமா என்பது உங்கள் கேள்வி.

டிஸ்க் கெட்டிருந்தால் இப்படித் தினமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டு ராத்திரியில் தானாகச் சரியாகாது. உங்களுக்கு நடப்பது டிஸ்க் கோளாறு இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். ஆனால் அந்த 2-ஐ இன்றைக்கே 1-க்கு மாற்றிவிடுங்கள். வேகக் குறைவை மனிதர்கள்தான் உண்டாக்குகிறோம். அதைச் சரிசெய்கிற அவசரத்தில் டேட்டாவின் பாதுகாப்பையும் நாமே கழற்றிவிடுகிறோம். உங்கள் விஷயத்தில் இரண்டுமே நடந்திருக்கின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பதினொரு மணிக் கதை. ஜிபி2 டிஸ்க்கின் வேகம் அதன் அளவைப் பொறுத்தது. ஒரு கிகாபைட்டுக்கு வினாடிக்கு 3 முறை படிக்கலாம் அல்லது எழுதலாம், அதாவது 3 ஐஓபிஎஸ். உங்கள் 100 கிகாபைட்டுக்கு 300. அதற்கு மேல் 3,000 வரை போக விடுவார்கள், ஆனால் சேர்த்து வைத்த கிரெடிட்டைக் கழித்துக்கொண்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த தொட்டியில் 54 லட்சம் கிரெடிட் இருக்கும், வினாடிக்கு 300 வந்து விழுந்துகொண்டே இருக்கும். செயலி வினாடிக்கு 1,500 எடுத்தால் நிகரமாக 1,200 குறையும். 4,500 வினாடியில், அதாவது 75 நிமிடத்தில், தொட்டி காலி. ஒன்பதரைக்கு வேலை சூடுபிடித்தால் பத்தே முக்காலுக்குத் தீர்ந்துவிடும். அதன் பிறகு கிடைப்பது அந்த 300 மட்டும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் 16 கிலோபைட் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிற மைஎஸ்க்யூஎல்லுக்கு 300 என்றால் வினாடிக்கு 5 மெகாபைட்கூட இல்லை. யாரும் தொடாமல் விட்டால் தொட்டி முழுதாக நிறைய 5 மணி நேரம் ஆகும். ராத்திரியில் நிறைந்துவிடுகிறது, காலையில் எல்லாம் நன்றாக இருக்கிறது.

அமேசானின் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்சில், மிச்சமுள்ள கிரெடிட்டைக் காட்டும் பர்ஸ்ட் பேலன்ஸ் என்று ஒரு வரைபடம் இருக்கும். ஒன்பதரையிலிருந்து சரிந்து பதினொரு மணிக்குள் பூஜ்யத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் சந்தேகமே வேண்டாம். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 வகையில் டிஸ்க் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 3,000 ஐஓபிஎஸ் நிரந்தரமாகக் கிடைக்கும், கிகாபைட் விலையும் ஜிபி2-ஐவிடக் குறைவு. சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். பெரிய சர்வர் வாங்கச் சொன்னவர் இந்த வரைபடத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் உங்களுக்கு இத்தனை நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

சரி, ஜிபி3-க்கு மாற்றியதும் முடிந்ததா? மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். நாளுக்குச் சில ஆயிரம் ஆர்டர் போடுகிற செயலிக்கு வினாடிக்கு ஆயிரக்கணக்கில் டிஸ்க் வேலை எதற்கு என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் டிஸ்க்கில் இல்லை.

உங்கள் பஃபர் பூல், அதாவது டிஸ்க்குக்குப் போகாமல் டேட்டாவை எடுக்க மைஎஸ்க்யூஎல் ஒதுக்கிக்கொள்ளும் மெமரி, எவ்வளவு? யாரும் தொடாமல் விட்டிருந்தால் 128 மெகாபைட்தான் இருக்கும், மைஎஸ்க்யூஎல் நிறுவும்போது வருவது அதுவே. 16 கிகாபைட் மெமரிக்குப் பணம் கட்டிவிட்டு 128 மெகாபைட்டில் டேட்டாபேஸை ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். முந்தைய பதிப்புகளில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன் மெமரியில் வைத்திருக்கும் நகல், அதாவது கேஷ், இந்தக் குறையை ஓரளவு மூடி மறைக்கும். 8.4-இல் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி அந்தக் கேஷைத் தாண்டி நேரடியாக டிஸ்க்குக்குப் போவதுதான் வழக்கநிலை, ஆகவே மிச்ச மெமரி சும்மா கிடக்கும். சர்வரில் டேட்டாபேஸ் மட்டும் ஓடுகிறது என்றால் 10 கிகாபைட் கொடுங்கள். இதையும் ஓடும்போதே மாற்றலாம். அப்படியே, பின்னணி வேலைக்கு டிஸ்க்கை வினாடிக்கு எத்தனை முறை தொடலாம் என்று சொல்லும் ஐஓ கெப்பாசிட்டி செட்டிங்கையும் பாருங்கள். 8.0-இல் 200 ஆக இருந்தது 8.4-இல் 10,000 ஆகிவிட்டது. வேகமான டிஸ்க்கை மனத்தில் வைத்துப் போட்ட எண் அது. 300 மட்டுமே தருகிற டிஸ்க்குக்குப் பொருந்தாது.

அடுத்து குவெரிகள், அதாவது செயலி டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள். மற்ற எல்லாவற்றையும்விட இங்கேதான் அதிகம் கிடைக்கும்.

உங்கள் வாடிக்கையாளர் டேபிளில் போன் எண் பெரும்பாலும் எழுத்து வகை ஃபீல்டாக இருக்கும், அதற்கு இன்டெக்ஸும் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) இருக்கும். செயலி அந்த எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் வெறும் எண்ணாக அனுப்பினால் அந்த இன்டெக்ஸ் பயன்படாது. எழுத்தை எண்ணோடு ஒப்பிடும்போது மைஎஸ்க்யூஎல் இரண்டையும் தசம எண்ணாக மாற்றித்தான் பார்க்கும். அதற்கு ஒவ்வொரு வரியையும் தொட்டே ஆக வேண்டும். பதில் சரியாகவே வரும், அதனால் சோதனையில் யாருக்கும் தெரியாது. ஆயிரம் வாடிக்கையாளர் இருந்தபோது கண்ணுக்குத் தெரியாத தாமதம் பத்து லட்சம் ஆனதும் மொத்த டிஸ்க்கையும் விழுங்கும். இரண்டு மேற்கோள்குறியில் தீரக்கூடிய பிரச்சினைக்கு சர்வரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

தேதி விஷயமும் இதே போலத்தான். இன்றைய பில்களை எடுக்க, நேரம் உள்ள ஃபீல்டை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு இன்றைய தேதியோடு ஒப்பிடுவார்கள். ஃபீல்டை ஃபங்ஷனுக்குள் போட்டதும் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. இன்று நள்ளிரவு முதல் நாளை நள்ளிரவுக்கு முன்பு வரை என்று எல்லை கொடுத்து எழுதினால் அதே இன்டெக்ஸ் வேலை செய்யும்.

அப்புறம் குவெரிகளைத் தானே எழுதிக்கொள்ளும் ஓஆர்எம் என்ற கருவியைப் பயன்படுத்தும் செயலிகளில் தவறாமல் வருவது: 50 ஆர்டரைக் காட்ட ஒரு குவெரி, பிறகு ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளர் பெயருக்கும் தனித்தனியாக ஒன்று, மொத்தம் 51. எழுதியவரின் கோடில் ஒரே ஒரு லூப்தான் தெரியும். குவெரி எதுவும் கண்ணில் படாது. பழைய பில்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் திரையும் இப்படித்தான். ஒரு லட்சம் வரி தள்ளி 20 வரி கேட்டால் டேட்டாபேஸ் 1,00,020 வரியைப் படித்து, ஒரு லட்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு 20-ஐக் கொடுக்கும்.

இவற்றைக் கண்டுபிடிக்க, மெதுவான குவெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாக் இருக்கிறது, ஆனால் அது வழக்கமாக அணைத்தே வரும். போட்டாலும் எல்லை 10 வினாடி. ஒரு நிமிடத்தில் ஆயிரம் முறை ஓடுகிற, ஒவ்வொரு முறையும் அரை வினாடி எடுக்கிற குவெரி அதில் பதிவே ஆகாது. உங்கள் டிஸ்க்கைத் தின்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னக் குவெரிகள்தான். எல்லையை 0.2 வினாடி ஆக்கி ஒரு முழு வேலைநாள் ஓடவிடுங்கள். பிறகு தனித்தனி நேரத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வகைக் குவெரியும் மொத்தமாக எத்தனை வினாடி எடுத்தது என்று கூட்டி வரிசைப்படுத்துங்கள்.

மனிதர் நேரடியாக வந்து நிற்கும் இன்னொரு இடம் உண்டு. யாரோ ஒருவர் தன் லேப்டாப்பிலிருந்து ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையையும் தானாக முடித்துவைக்கும் வசதி) இல்லாமல் டேட்டாபேஸில் நுழைகிறார், ஏதோ பார்க்கிறார், ஜன்னலை மூடாமல் சாப்பிடப் போகிறார். அந்த டிரான்ஸாக்‌ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) திறந்தே இருக்கிறது. அவருக்கு வேண்டியிருக்கலாம் என்று இன்னோடிபி பழைய வரிகளையெல்லாம் அழிக்காமல் சேர்த்து வைக்கிறது, மற்றவர்களின் குவெரிகள் மெல்ல மெல்லக் கனக்கின்றன. அதே நேரத்தில் இன்னொருவர் அந்த டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்க்க ஆல்டர் கட்டளை கொடுத்தால், அது சாப்பிடப் போனவருக்காகக் காத்திருக்கும், அதன் பின்னால் வரும் எல்லாக் குவெரியும் அந்த ஆல்டருக்காகக் காத்திருக்கும். இந்தக் காத்திருப்புக்கு மைஎஸ்க்யூஎல் வழக்கமாக வைத்திருக்கும் எல்லை 3,15,36,000 வினாடி, அதாவது ஒரு வருடம். டேபிளை மாற்றுவதற்கு முன் உங்கள் செஷனில் அதை 5 வினாடி என்று குறைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கிடைக்கவில்லை என்றால் தோற்றுப்போகட்டும், பிறகு மறுபடி முயலலாம், கடை நின்றுபோகாது.

இனி அந்த 2-க்கு வருகிறேன். ஆர்டரைச் சேமித்துவிட்டேன் என்று டேட்டாபேஸ் சொன்னால், அடுத்த நொடி கரண்ட் போனாலும் அது இருக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை எஃப்சிங்க் என்ற ஒரு அழைப்பு. மாற்றங்களைக் குறித்த லாகை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிட்டு, நிஜமாகவே டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று பதில் வரும்வரை காத்திருப்பது அது. செட்டிங் 1-இல் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு இறுதிச் சேமிப்புக்கும், இந்தக் காத்திருப்பு உண்டு. 2-இல் லாக் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரை போகும், எஃப்சிங்க் ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறைதான். மைஎஸ்க்யூஎல் மட்டும் விழுந்தால் எதுவும் போகாது. மொத்தச் சர்வரும் விழுந்தால் கடைசி ஒரு வினாடி, சமயத்தில் அதற்கும் மேல், போய்விடும். கிளவுடில் அடியில் இருக்கும் இயந்திரம் பழுதானால் அதுவும் சர்வர் விழுந்த கணக்குத்தான்.

ஒரு வினாடிதானே என்று தோன்றும். வாடிக்கையாளருக்குப் பணம் கிடைத்தது என்று மெசேஜ் போயிருக்கும், ரசீது அச்சாகியிருக்கும், டேட்டாபேஸில் ஆர்டர் இருக்காது. ரெப்ளிகா, அதாவது முதன்மை டேட்டாபேஸை (பிரைமரியை) தொடர்ந்து நகலெடுக்கும் இன்னொரு சர்வர், வைத்திருந்தால் இன்னும் சிக்கல். ரெப்ளிகாவுக்குப் போகும் மாற்றப் பதிவான பின்லாக் வழக்கமாக ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கில் இறங்குவதால், பிரைமரியில் இல்லாத ஆர்டர் ரெப்ளிகாவில் இருக்கும். இரண்டில் எது உண்மை என்று நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிவரும். பக்கப் பார்வை எண்ணிக்கை போன்ற, போனாலும் பரவாயில்லாத டேட்டாவுக்கு 2 வைப்பதில் தப்பில்லை. பணம் புழங்கும் இடத்துக்குக் கூடாது.

2 போட்டதும் வேகம் கூடியது என்பதே ஒரு துப்பு. எங்கேயோ ஒவ்வொரு வரிக்கும் ஒரு கமிட் நடக்கிறது. பில்லில் இருபது பொருள் இருந்தால் இருபது கமிட், ஸ்டாக் கோப்பை ஏற்றினால் பத்தாயிரம் கமிட். பில்லின் எல்லா வரிகளையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் போடுங்கள், கோப்பை ஏற்றும் வேலைகளை ஐந்நூறு ஐந்நூறு வரியாகக் கமிட் செய்யுங்கள். செட்டிங் 1-ஐ வைத்துக்கொண்டே அதே வேகம், பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே, கிடைக்கும்.

டிஸ்க்கை நம்பலாமா என்ற கேள்விக்கு நேரான பதில்: ஓரளவுக்கு. ஜிபி2, ஜிபி3 டிஸ்க்குகளில் ஆண்டுக்கு 0.1 முதல் 0.2 சதவீதம் வரை முழுதாகப் போய்விடலாம் என்று அமேசானே சொல்கிறது. ஆயிரம் டிஸ்க்கில் ஒன்றோ இரண்டோ. சொந்த அலுவலகத்தில் வைக்கும் சாதாரண டிஸ்க்குக்கு இதைவிட மோசம். 2007-இல் ஷ்ரோடர், கிப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, தயாரிப்பாளரின் தாள் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் என்று சொன்ன இடத்தில் 2 முதல் 4 சதவீதம் வரை சர்வசாதாரணமாக மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. முழுதாகப் போவதைவிட எனக்குக் கவலை தருவது, சத்தமில்லாமல் தப்பான டேட்டாவைத் திருப்பித் தருவது. 2008-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்து, செக்சம் (டேட்டா மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தாத 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைக் கண்டார்கள். இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்துக்கும் செக்சம் வைத்திருக்கிறது. பொருந்தவில்லை என்றால் தப்பான டேட்டாவைத் தருவதற்குப் பதில் வேண்டுமென்றே நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று கோபப்பட்டு அந்தச் சோதனையை அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

மென்பொருளும் முழு நம்பிக்கைக்கு உரியதில்லை. 2018-இல் கிரெய்க் ரிங்கர் என்ற பொறியாளர் ஒரு விஷயத்தைப் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸின் குழு முன் வைத்தார். லினக்ஸில் எஃப்சிங்க் ஒரு முறை தோற்றால், எழுதப்படாத பக்கங்களை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதியாயிற்று என்று குறித்துவிடும், இரண்டாவது முறை கேட்டால் வெற்றி என்று பதில் வரும். போஸ்ட்கிரெஸ் இரண்டாவது பதிலை நம்பிக்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரிப் பதிப்புகளிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு லாகிலிருந்து மீண்டு வருகிறது. அதே 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்தது. டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் ஒரு எண் நிரம்பி வழிந்ததால் வந்த வினை அது. ஒரே நாளில் வாங்கிப் பூட்டிய டிஸ்க்குகள் என்றால் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டில் எத்தனை இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். திருத்தம் வெளியானது, போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

இவ்வளவும் இருந்தும், இழப்புகளின் பெரும்பங்கு டிஸ்க்கால் வருவதில்லை. 1985-இலேயே ஜிம் கிரே என்ற கணினி அறிஞர், பழுதானாலும் நிற்காமல் ஓடும்படி கட்டப்பட்ட டாண்டம் கணினிகள் ஏன் நின்றன என்று எண்ணிப் பார்த்தார். வன்பொருளால் 18 சதவீதம், நிர்வாகம், பராமரிப்பு, அமைப்பு ஆகிய மனித வேலைகளால் 42 சதவீதம். டிஸ்க் எவ்வளவோ மாறிவிட்டது, இயக்கும் கை மாறவில்லை.

மென்பொருள் கோடைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே மறைக்காமல் முழுதாக வெளியிட்டார்கள். அந்த நேர்மையால் எத்தனையோ பேருடைய டேட்டா பிழைத்திருக்கும் என்று நம்புகிறேன். அதுவும் வேகப் பிரச்சினையில்தான் தொடங்கியது. ஸ்பாம் கணக்குகளாலும், தவறுதலாக நீக்கப்பட்ட ஒரு ஊழியரின் கணக்காலும் டேட்டாபேஸில் சுமை ஏறி, ரெப்ளிகா பின்தங்கி நின்றுவிட்டது. ரெப்ளிகாவை மறுபடி உருவாக்க முயன்ற பொறியாளர், கட்டளை எந்தச் செய்தியும் சொல்லாமல் தொங்கியதால், இரவு நேரத்தில் ரெப்ளிகாவின் டைரக்டரியை அழித்துவிட்டுத் தொடங்கலாம் என்று முடிவெடுத்தார். கட்டளை ஓடியது பிரைமரியில். ஓரிரு வினாடியில் நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்தான் மிஞ்சியது.

பேக்கப்பைத் தேடிப் போனார்கள். அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3-இல் இருக்க வேண்டிய பேக்கப் இல்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 ஓடும் இடத்தில் 9.2-இன் டம்ப் கருவி (டேட்டாபேஸை நகலெடுப்பது) ஓடி, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் டிமார்க் என்ற மின்னஞ்சல் சரிபார்ப்பின் அமைப்புக் குறையால் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. டிஸ்க்கின் அந்தநேர நகலான ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. ரெப்ளிகா ஏற்கெனவே காலி. ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்தது, அதுதான் காப்பாற்றியது. அதுவும் மெதுவான டிஸ்க் கொண்ட சோதனைச் சர்வரில் இருந்ததால் நகலெடுக்கவே 18 மணி நேரம்போல ஆனது. ஆறு மணி நேரத்து டேட்டா, சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 கருத்து, 700 புதிய பயனர் கணக்கு, திரும்பவில்லை. இதில் எந்த டிஸ்க்கும் கெடவில்லை. அந்தப் பொறியாளர்மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வேலை யாருடைய பொறுப்பு என்று அங்கே யாருக்கும் குறித்துக் கொடுக்கப்படவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய வரிசை. இன்று: ஃப்ளஷ் செட்டிங் 1. நாளை: பஃபர் பூல், ஜிபி3, ஸ்லோ லாக். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று மாற்றி, மாற்றிய நேரத்தைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். இந்த வாரத்துக்குள்: பேக்கப்பை வேறொரு சர்வரில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. திருப்பிப் போட்டு, நேற்றைய ஆர்டர் எண்ணிக்கையும் பில் தொகையும் பொருந்துகிறதா என்று பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்றும் எழுதுங்கள். பின்லாக் வழக்கமாக 30 நாள் இருக்கும், அதை டேட்டாபேஸ் டிஸ்க்கிலேயே வைக்காமல் வெளியே நகலெடுத்து வைத்தால், பேக்கப்புக்குப் பிறகு நடந்ததையும் விரும்பிய நிமிடம் வரை மீட்கலாம். ரெப்ளிகாவைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள், பிரைமரியில் தவறாக ஓடிய டெலிட் அடுத்த வினாடியே அங்கேயும் ஓடிவிடும். இந்தத் திருப்பிப் போடும் சோதனைக்கு மாதம் ஒரு நாள் குறித்து, ஒருவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

பர்ஸ்ட் பேலன்ஸ் வரைபடமும், மொத்த நேரப்படி முதல் பத்துக் குவெரிகளும், அவற்றை மைஎஸ்க்யூஎல் எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் விடையும் கிடைத்ததும் அனுப்புங்கள். எந்த இன்டெக்ஸ் தேவை, எந்தக் குவெரியைத் திருத்தி எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.